ஸ்கோப் வாங்குவதற்கு முன் போர்டைப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு பதிலின் நடுவே, ஒரு சிப் இழுக்கும் மின்சாரத்தை நுணுக்கமாக அளந்தால் அதற்குள் பூட்டி வைத்திருக்கும் ரகசியச் சாவியையே வெளியே எடுத்துவிடலாம் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வரியைப் பற்றித்தான். அதனால் வைஃபை, சோலார், சலவை இயந்திரக் கேள்விகள் எல்லாம் அடுத்த மாதம். கேட்டவர்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்கோப் என்றால் ஆசிலோஸ்கோப், மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதைத் திரையில் கோடாக வரைகிற கருவி. எவ்வளவு வேகமான மாற்றம் வரை அது பிடிக்கும் என்பதுதான் அதன் பேண்ட்வித்.

அக்கா, நிபோங் திபாலில் பொறியியல் படிக்கிறேன். மைக்ரோகண்ட்ரோலர் (சின்னக் கணினி சிப்) ஒன்று ஏஇஎஸ் என்கிற முறையில் தரவைக் குறியாக்கம் செய்யும்போது அதன் மின்சாரத்தை அளந்து சாவியைக் கண்டுபிடிப்பது என் இறுதியாண்டுப் புராஜெக்ட். கையில் 3,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. எவ்வளவு அதிக பேண்ட்வித் கிடைக்குமோ அவ்வளவு உள்ள ஸ்கோப்பை வாங்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். எதை வாங்கலாம்?
– மாணவர், நிபோங் திபால்

தம்பி, காசை எடுத்து உள்ளே வையுங்கள். முதலில் எதை அளக்கப் போகிறோம் என்று பார்ப்போம், கருவி அதற்குப் பிறகு தானாகத் தெரியும்.

சிப்புக்குள் ஒரு பிட் 0-விலிருந்து 1-க்கோ 1-லிருந்து 0-வுக்கோ மாறும்போது ஒரு துளி மின்னோட்டம் கூடுதலாகப் போகிறது. ஒரு பைட்டில் எட்டு பிட்டும் மாறினால் கொஞ்சம் அதிகம், இரண்டு மட்டும் மாறினால் கொஞ்சம் குறைவு. இந்த வித்தியாசம்தான் மொத்த விஷயமும். பால் கோச்சரும் அவரோடு வேலை செய்த ஜாஃப், ஜுன் இருவரும் 1999-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டபோது, ஸ்மார்ட் கார்டு செய்கிற தொழிலே ஆடிப்போனது. கணக்கில் எந்தத் தப்பும் இல்லை, அந்தக் கணக்கைப் போடுகிற சிப்பின் மின் இணைப்பு வழியாக ரகசியம் கசிகிறது. ஏஇஎஸ்-128 வகையில் சாவி 128 பிட். மொத்தமாக ஊகிக்கப் போனால் 2-இன் 128-ஆம் அடுக்கு வாய்ப்புகள், உலகத்தில் உள்ள கணினி எல்லாம் சேர்ந்தாலும் ஆகாது. ஆனால் ஏஇஎஸ் அந்தச் சாவியை 16 பைட்டாகப் பிரித்துத்தான் கையாள்கிறது, ஒரு பைட்டுக்கு 256 ஊகம் போதும். ஒவ்வோர் ஊகத்துக்கும், இந்தச் சாவியாக இருந்தால் எஸ்-பாக்ஸிலிருந்து (ஒரு பைட்டை இன்னொரு பைட்டாக மாற்றும் ஏஇஎஸ் அட்டவணை) வரும் பைட்டில் எத்தனை 1 இருக்கும் என்று கணக்குப் போட்டு, அளந்து வைத்த மின்னோட்டத்தோடு ஒப்பிட்டால் சரியான ஊகம் மட்டும் ஒத்துப்போகும். 16 முறை 256, ஆக மொத்தம் 4,096 ஊகம். உங்கள் லேப்டாப்புக்கு இது ஒரு வேலையே இல்லை.

இப்போது அளவுக்கு வருவோம். சிப் உட்கார்ந்திருக்கிற போர்டின் மின் இணைப்பில், சிப்புக்குள் போகிற வழியில் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போடுகிறீர்கள் என்று வையுங்கள். மின்னோட்டம் 1 மில்லிஆம்பியர் கூடினால் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே 10 மில்லிவோல்ட் கூடும், ஓம் விதி அவ்வளவுதான். அந்த 10 மில்லிவோல்ட் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றால் 3.3 வோல்ட்டின் தலைமேல். சாதாரண 8 பிட் ஸ்கோப் திரையின் முழு உயரத்தையும் 256 படிகளாகத்தான் பார்க்கும். நேரடியாக 3.3 வோல்ட்டையும் திரைக்குள் அடக்க முழு உயரத்தை 4 வோல்ட் என்று வைத்தீர்களானால் ஒரு படி கிட்டத்தட்ட 15.6 மில்லிவோல்ட். நீங்கள் தேடுகிற சமிக்ஞை ஒரு படிக்குள்ளேயே மறைந்துவிட்டது. ஆயிரம் முறை அளந்தாலும் திரையில் நேர்கோடுதான் தெரியும், ஸ்கோப் கெட்டுப்போச்சு என்று நினைப்பீர்கள். அதே ஸ்கோப்பில் ஏசி கப்ளிங் போட்டு அந்த 3.3 வோல்ட்டை வெட்டிவிட்டு, முழு உயரத்தை 50 மில்லிவோல்ட்டுக்கு இறக்கினால் ஒரு படி 0.2 மில்லிவோல்ட் ஆகிவிடும். ஒரு பொத்தானில் எழுபது எண்பது மடங்கு வித்தியாசம்! 12 பிட் ஸ்கோப்பில் 4,096 படி, அது இன்னும் வசதி. இன்று 12 பிட் ஸ்கோப்புகளே உங்கள் 3,000 வெள்ளிக்குள் கிடைக்கின்றன. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பேண்ட்வித்தைத் துரத்தாமல் பிட்டைத்தான் பார்ப்பேன்.

பேண்ட்வித் வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் மைக்ரோகண்ட்ரோலர் எத்தனை மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது? 8 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிற சிப்புக்கு 70 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் தாராளம். கைப்பேசி புராசசர் மாதிரி வேகமாக ஓடுகிற ஒன்றை எடுத்தால்தான் அந்தப் பேச்சு, அதை முதல் புராஜெக்டாக எடுக்கவே வேண்டாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. கனடாவில் காலின் ஓஃபிளின் தொடங்கிய சிப்விஸ்பரர் என்கிற திறந்த மூல கருவி. அதன் லைட் வகையில் இருப்பது 10 பிட், நொடிக்கு 10.5 கோடி மாதிரி எடுக்கிற, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சாதாரண ஏடிசிதான். பெரிய ஸ்கோப்பின் விவரத்தாளோடு வைத்துப் பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும். ஆனால் அளக்கப்படும் சிப் எந்தக் கடிகாரத்தில் ஓடுகிறதோ அதே கடிகாரத்தில் இதுவும் மாதிரி எடுக்கிறது. ஊஞ்சலைப் படம் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். உங்கள் இஷ்டத்துக்கு அமுக்கினால் ஒவ்வொரு படத்திலும் ஊஞ்சல் வேறு வேறு இடத்தில் இருக்கும், அதனால் நூற்றுக்கணக்கில் அமுக்கினால்தான் வேண்டிய படம் கிடைக்கும். ஊஞ்சலின் தாளத்திலேயே அமுக்கினால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிடித்துவிடலாம். கடிகாரம் ஒன்றாக இருந்தால் ஒரு கடிகாரத் துடிப்புக்கு நான்கு மாதிரியே போதும். அதோடு இலக்கு போர்டு, பைதான் நிரல், பாடங்கள் எல்லாம் கூடவே வருகின்றன. புராஜெக்டை ஒப்படைக்கும் தேதி நெருங்கும்போது அந்த அருமை தெரியும்.

சரி, எந்தக் கருவியாக இருந்தாலும் முக்கால்வாசி வேலை போர்டில்தான். சிப்பின் மின் காலுக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்ன கெபாசிட்டர்கள் இருக்கும், மின்னழுத்தம் ஆடாமல் பார்த்துக்கொள்வதற்காக. நீங்கள் பார்க்க விரும்புவதே அந்த ஆட்டத்தைத்தான், ஆகவே ரெசிஸ்டருக்கும் சிப்புக்கும் நடுவில் இருக்கிற கெபாசிட்டர்களைக் கழற்ற வேண்டும். எல்லாவற்றையும் கழற்றினால் சில சிப் எழுந்திருக்காது, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். அடுத்தது புரோப், போர்டிலிருந்து சமிக்ஞையை ஸ்கோப்புக்குக் கொண்டுபோகிற முனை. பெட்டியோடு வருகிற பத்துக்கு ஒன்று புரோப் உங்கள் சமிக்ஞையைப் பத்தில் ஒன்றாக்கிவிட்டுத்தான் ஸ்கோப்புக்குக் கொடுக்கும். ஏற்கனவே 10 மில்லிவோல்ட்தான், அதையும் 1 ஆக்கிவிடுவானேன்? சின்ன கோஆக்ஸ் கேபிளை போர்டிலேயே சால்டர் செய்துவிடுங்கள். புரோப்போடு வருகிற முதலை வாய் கிரவுண்ட் வயர் ஒரு சாண் நீளம் இருக்குமே, அதுவே ஒரு ஆன்டெனா, வேலை செய்கிற சிப்பின் வேகத்தில் அது மணி மாதிரி அதிரும்.

இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். ஸ்கோப்பின் கிரவுண்ட், சுவர் பிளக் வழியாக பூமியோடு இணைந்திருக்கிறது. யூஎஸ்பி வழியாக போர்டும் லேப்டாப் சார்ஜர் மூலம் அதே பூமியோடு இணைந்திருக்கலாம். ரெசிஸ்டரின் இரண்டு பக்கமும் மாட்டிப் பார்ப்போம் என்று கிரவுண்ட் கிளிப்பை 3.3 வோல்ட் பக்கம் மாட்டினால் அது நேராக ஷார்ட். போர்டு போகலாம், லேப்டாப்பின் யூஎஸ்பி போகலாம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே இப்படி ஒரு போர்டு என் கண்முன் புகைந்தது. சிப் பக்க முனையில் மட்டும் சமிக்ஞையை எடுங்கள், கிளிப் எப்போதும் போர்டின் கிரவுண்டில்தான். இரண்டு முனைக்கும் நடுவில் அளந்தே ஆக வேண்டும் என்றால் அதற்கு டிஃபரென்ஷியல் புரோப் வேண்டும்.

அப்புறம் டிரிகர், ஸ்கோப் எந்தக் கணத்தில் பதியத் தொடங்க வேண்டும் என்று சொல்கிற சமிக்ஞை. குறியாக்கம் தொடங்கும் கணத்தில் உங்கள் நிரலே சிப்பின் ஒரு காலில் மின்னழுத்தத்தை உயர்த்தட்டும், அதைப் பிடித்து ஸ்கோப் ஓடட்டும். எத்தனை டிரேஸ், அதாவது ஒரு முறை குறியாக்கம் நடக்கும்போது எடுத்த மின்சாரப் பதிவு, வேண்டும் என்று கேட்பீர்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போயிருப்பீர்கள்தானே, உருமி மேளச் சத்தத்துக்கு நடுவே பக்கத்தில் நிற்பவர் மெதுவாக ஒரு வார்த்தை சொன்னால் காதில் விழாது. அவர் அதே வார்த்தையை, சரியாக அதே கணத்தில், நூறு முறை சொல்லி, அந்த நூறையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தால் வார்த்தை அப்படியே இருக்கும், மேளம் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். நூறின் வர்க்கமூலம் பத்து. பாதுகாப்பு எதுவும் போடாத சின்ன சிப்புக்குச் சில நூறு டிரேஸே போதும். நினைவகத்தையும் முன்கூட்டியே கணக்குப் பாருங்கள்: நொடிக்கு 100 கோடி மாதிரி என்று வைத்து 10 மில்லிவிநாடி பதிவு செய்தால் ஒரு டிரேஸே 1 கோடி மாதிரி, ஒரு மாதிரிக்கு ஒரு பைட் வைத்தாலே பத்தாயிரம் டிரேஸ் 100 கிகாபைட். ஏஇஎஸ் குறியாக்கத்தின் முதல் சுற்று மட்டும்தான் வேண்டும், அதை மட்டும் வெட்டிப் பதியுங்கள்.

மகளே, நான் ஓய்வு பெற்ற டிவி ரிப்பேர்காரன், வயது எழுபத்திரண்டு. லோரோங் கூலிட் பழைய சந்தையில் பச்சைத் திரை ஆசிலோஸ்கோப் ஒன்று பார்த்தேன், நன்றாக வேலை செய்கிறது. பேரனுக்கு இந்த ஆராய்ச்சிக்கு உதவுமா?
– வாசகர், ஆயிர் ஈத்தாம்

ஐயா, இந்த வேலைக்கு உதவாது. அது காட்டும், ஆனால் நினைவில் வைத்துக்கொள்ளாது. ஆயிரக்கணக்கான டிரேஸைக் கணினிக்குள் கொண்டு போகாமல் இங்கே ஒன்றும் நடக்காது. ஆனால் வாங்குங்கள். டிரிகர் என்றால் என்ன, ஏசி கப்ளிங் போட்டால் கோடு ஏன் நடுவுக்கு வருகிறது என்பதையெல்லாம் பேரன் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பச்சைக் கோட்டில் கற்றுக்கொண்டால் அவனுக்குப் பிறகு எந்த மெனுவும் பயமுறுத்தாது. வாங்கியதும் உள்ளே கை வைக்க விடாதீர்கள், அந்தக் குழாயின் உயர் மின்னழுத்தம் உங்களுக்குத் தெரியாததல்ல.

பழைய சந்தை என்றதும் நினைவுக்கு வருகிறது. 2002-ல் கேம்பிரிட்ஜில் செர்கெய் ஸ்கோரோபோகாடோவ், ராஸ் ஆண்டர்சன் இருவரும் கேமரா கடையில் 30 டாலருக்கு வாங்கிய பழைய பிளாஷ் ஒன்றை மைக்ராஸ்கோப்பில் பொருத்தி, மேல்மூடி திறந்த ஒரு சிப்பின் நினைவகத்தில் ஒரே ஒரு பிட்டை மட்டும் மாற்றிக் காட்டினார்கள். ஒளியால் சிப்பைத் தவறு செய்ய வைக்கலாம் என்கிற ஒரு துறையே அதிலிருந்து வளர்ந்தது.

அக்கா, பாயான் லெப்பாஸில் சிப்களைச் சோதிக்கிற டெஸ்ட் டெக்னீஷியன், 14 வருடமாக. லோட் போர்டு, டெஸ்ட்டர், ஹேண்ட்லர் இதுதான் என் உலகம். கிரிப்டோகிராபி ஒன்றும் தெரியாது, டிப்ளமாதான் படித்தேன். இந்தத் துறைக்குள் நுழைய எனக்கு வாய்ப்பு உண்டா, இல்லை பிஎச்டி படித்தவர்களுக்கு மட்டும்தானா?
– டெக்னீஷியன், பாயான் லெப்பாஸ்

உங்கள் கடிதம் வந்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கணிதம் தெரிந்தவர்கள் இந்தத் துறையில் நிறையப் பேர். அளக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

நீங்கள் எத்தனை ஷ்மூ பிளாட் ஓட்டியிருப்பீர்கள்! ஒரு பக்கம் மின்னழுத்தம், இன்னொரு பக்கம் வேகம், எங்கே பாஸ், எங்கே ஃபெயில் என்று பச்சையும் சிவப்புமாக. இந்தத் துறையில் வோல்டேஜ் கிளிட்ச் என்று ஒன்று உண்டு. சிப் கடவுச்சொல்லைச் சரிபார்க்கிற அந்தக் கணத்தில் மின்னழுத்தத்தை ஒரு நொடிப்பொழுது, நொடிப்பொழுது என்பதைவிட மிக மிகக் குறைவாக, சில பத்து நானோவிநாடி மட்டும் கீழே இழுத்துவிட்டால் சிப் ஒரு கட்டளையைத் தாண்டிவிடும், சரிபார்த்தலே நடக்காமல் போகும். எந்தக் கணத்தில், எவ்வளவு நேரம் இழுப்பது என்பதுதான் கேள்வி. ஒரு அச்சில் நேரம், இன்னொரு அச்சில் அகலம் என்று ஆயிரக்கணக்கான முறை ஓட்டி, சிப் ஒழுங்காக ஓடுகிற பகுதிக்கும் அப்படியே ரீசெட் ஆகிவிடுகிற பகுதிக்கும் நடுவில் ஒரு மெல்லிய ஓரம் இருக்குமே, அங்கே தேடுகிறார்கள். நீங்கள் 14 வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற அதே படம்தான் தம்பி. ஃபெயில் என்று நீங்கள் ஒதுக்கித் தள்ளுகிற ஓரத்தில் இவர்கள் குடியிருக்கிறார்கள்.

லோட் போர்டில் மின் சத்தம் (நாய்ஸ்) வராமல் கெபாசிட்டர் எங்கே வைப்பது என்று தெரிந்தவருக்கு எதைக் கழற்றினால் சத்தம் வரும் என்றும் தெரியும். காண்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி இருக்காது, சாக்கெட் தேயும், அளவுத்திருத்தத் தேதி தாண்டினால் முடிவை நம்பக்கூடாது, இதெல்லாம் பல்கலைக்கழகத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை.

உங்கள் தொழிற்சாலையின் ஃபெயிலியர் அனாலிசிஸ், அதாவது பழுதான சிப்பை ஆராய்கிற பிரிவையும் நினைத்துப் பாருங்கள். சிப்பின் மூடியைப் புகையும் நைட்ரிக் அமிலத்தால் கரைப்பது, ஃபிப் கருவியால் அயனிக் கற்றையைப் பாய்ச்சி வெட்டுவது, சிலிக்கான் வழியாக அகச்சிவப்பில் பார்ப்பது, சிப்பின் முதுகுப் பக்கமிருந்து 1,064 நானோமீட்டர் லேசரைச் செலுத்துவது. பழுதைத் தேடுகிறவரும் பாதுகாப்பு ஓட்டையைத் தேடுகிறவரும் பயன்படுத்துவது இதே கருவிகளைத்தான். 2024 ஆகஸ்டில் ராஸ்பெரி பை நிறுவனம் தன்னுடைய ஆர்பி2350 சிப்புக்குள் ஒரு ரகசியத்தை எழுதி, எடுத்துக் காட்டுங்கள் என்று சவால் விட்டது. பரிசு 10,000 டாலர், பிறகு 20,000 ஆக்கினார்கள். 2025 ஜனவரியில் முடிவு வந்தபோது வோல்டேஜ் கிளிட்ச், லேசர், மின்காந்தத் துடிப்பு, ஃபிப் என்று வெவ்வேறு கருவிகளால் உடைத்திருந்தார்கள். அந்த நிறுவனம் அதை மறைக்காமல் தானே வெளியிட்டது, எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

வாய்ப்பு எங்கே என்றால் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று இல்லை. 1972-ல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியபோது வந்த முதல் எட்டு நிறுவனங்களில் ஒன்று ஹியூலெட் பேக்கார்ட். அதன் அளவீட்டுப் பிரிவு 1999-ல் அஜிலெண்ட் ஆகி, 2014-ல் கீசைட் என்று பிரிந்தது, இன்றும் பாயான் லெப்பாஸில் பெரிய அளவில் இருக்கிறது. அந்தக் கீசைட்தான் 2024-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து ரிஸ்கியூர் நிறுவனத்தை வாங்கியது, சிப்களின் பாதுகாப்பைச் சோதிப்பதில் ஊறிய நிறுவனம் அது. அளவுக்கருவி செய்கிறவர்கள் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கிரிப்டோகிராபி? ஏஇஎஸ் முதல் சுற்றை மட்டும் ஒரு வாரம் கையால் எழுதிப் பழகுங்கள். பைதானில் நம்பை (NumPy) என்கிற எண் கணக்குத் தொகுப்பு கொஞ்சம். கருவி வாங்குவதற்கு முன்னாலேயே பழக வேண்டும் என்றால் பிரான்ஸ் நாட்டின் சைபர் பாதுகாப்பு நிறுவனம் ஆஸ்கேட் (ASCAD) என்ற பெயரில் அளந்த டிரேஸ்களைப் பொதுவில் வைத்திருக்கிறது. இறக்கிக்கொண்டு வீட்டு மேசையிலேயே தொடங்கலாம்.

தங்கச்சி, என் மகனுக்குப் பதினாறு வயது. காலாவதியான பேங்க் கார்டைச் சுரண்டி, சிப்பில் வயர் ஒட்டி, ஏதோ பெட்டியோடு இணைத்து ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் போலீஸ் பிடிக்கும் என்கிறார். பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், பட்டர்வொர்த்

அக்கா, பயப்படாதீர்கள், ஆனால் இன்றைக்கே அந்தக் கார்டை அவன் கையிலிருந்து வாங்கிவிடுங்கள். காலாவதி ஆனாலும் பேங்க் கார்டு பேங்க்குக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருப்பார்கள். அடையாள அட்டையான மைகார்டைத் தொடவே கூடாது, அதைச் சேதப்படுத்துவது தனிக் குற்றம். நமது மலேசியாவின் 1997 கணினிக் குற்றச் சட்டத்தில், அனுமதி இல்லாமல் கணினியில் உள்ள தரவுக்குள் நுழைந்தால் 50,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை. விளையாட்டுக்குச் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஆனால் ஆர்வத்தை வாங்கிவிடாதீர்கள். பதினாறு வயதில் ராத்திரி முழுக்க ஒரு சிப்போடு உட்காருகிற பிள்ளை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அவன் கேட்பது பயிற்சி போர்டு ஒன்றுதான், பழகுவதற்கென்றே விற்கிறார்கள், அதில் அவனே சாவியை எழுதி அவனே எடுக்கலாம். சொந்தமாக வாங்கியது, சொந்தச் சாவி, சொந்த நிரல், இந்த மூன்றும் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வேறு யாருடைய பொருளையாவது தொட வேண்டும் என்றால் எழுத்தில் அனுமதி. பெரியவர்களும் இந்தத் துறையில் அப்படித்தான் வேலை செய்கிறார்கள்.

அமிலம் மட்டும் வீட்டுக்குள் வரவே கூடாது. சிப்பைத் திறக்கப் புகையும் நைட்ரிக் அமிலம் என்று எங்காவது பார்த்துவிட்டுக் கேட்டால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அது நச்சுப்புகையை இழுத்து வெளியேற்றும் கூண்டு இருக்கிற ஆய்வகத்து வேலை. லேசருக்கும் அதே பதில்தான், அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாது, பார்வை போன பிறகுதான் தெரியும். மின்காந்தத் துடிப்பு அடிக்கிற கருவிகளுக்குள் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும், அதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

அப்படியென்றால் நம் பேங்க் கார்டு, மைகார்டு எதுவுமே பாதுகாப்பில்லையா? நான் கடை வைத்திருக்கிறேன், கார்டு மெஷின் பயன்படுத்துகிறேன்.
– வியாபாரி, ஜெலுத்தோங்

பாதுகாப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. நல்ல கார்டு சிப்களில் இந்தக் கசிவுக்கு எதிராகவே ஏற்பாடுகள் இருக்கின்றன: உள்ளே கணக்கைப் போடும்போது ஒவ்வொரு முறையும் தற்செயல் எண்களைக் கலப்பது, வேலைகளின் வரிசையை மாற்றிப் போடுவது, கடிகாரத்தை வேண்டுமென்றே தடுமாற விடுவது. இவை இருந்தால் சில நூறு டிரேஸில் கிடைப்பது பல லட்சம் ஆனாலும் கிடைக்காமல் போகலாம். அந்தச் சிப்களை ஆய்வகங்கள் மாதக்கணக்கில் அளந்து பார்த்த பிறகுதான் சான்றிதழ் தருகிறார்கள்.

ஆனாலும் தவறுகிறது, அதையும் சொல்லியாக வேண்டும். 2024 செப்டம்பரில் பிரான்ஸின் நிஞ்ஜாலேப் வெளியிட்ட யூக்லீக் ஆய்வு, சிப் செய்கிற இன்ஃபினியன் நிறுவனத்தின் கிரிப்டோ நிரல் தொகுப்பில் ஒரு ஓட்டையைக் காட்டியது. ஒரு கணக்கு எப்போதும் ஒரே நேரம் எடுக்க வேண்டும், அது எடுக்கவில்லை, மின்காந்தப் புரோப்பை மேலே வைத்தால் அந்த நேர வித்தியாசம் தெரிந்தது. யூபிகீ 5 என்கிற பாதுகாப்புச் சாவிகளும் அதில் மாட்டின. 14 வருடம், ஏறக்குறைய 80 உயர்மட்டச் சான்றிதழ்ச் சோதனைகள், எல்லாவற்றையும் தாண்டி அது யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. பயன்படுத்திய கருவிகளின் விலை 10 ஆயிரம் யூரோ அளவு. இதைச் செய்ய வேண்டுமென்றால் பொருளைக் கையில் எடுத்து, மூடியைத் திறந்து, ஸ்கோப் முன்னால் வைக்க வேண்டும். உங்கள் கடை வாசலில் நிற்கிற திருடன் அதைச் செய்யப் போவதில்லை. அவன் உங்கள் பின் எண்ணை எட்டிப் பார்ப்பான், போலி குறுஞ்செய்தி அனுப்புவான். நீங்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான், கார்டு மெஷினில் யாரும் எதையும் ஒட்டியிருக்கிறார்களா என்று காலையில் கடை திறக்கும்போது ஒரு பார்வை பாருங்கள்.

இப்படி அளந்து கண்டுபிடித்துச் சொல்கிறவர்கள் இல்லாவிட்டால் அந்த 14 வருடம் 20, 30 என்று போய்க்கொண்டே இருந்திருக்கும்.

அக்கா, எலெக்ட்ரோமேக்னெட்டிக் புரோப் வீட்டிலேயே செய்யலாமா?
– மாணவி, புக்கிட் மெர்தாஜாம்

செய்யலாம்மா. கோஆக்ஸ் கேபிளின் நடு வயரைச் சில மில்லிமீட்டர் வளையமாக வளைத்து வெளிக்கூட்டோடு சால்டர் செய்தால் அதுவே காந்தப்புலப் புரோப். சமிக்ஞை மிகச் சின்னதாக வரும், 20 அல்லது 30 டெசிபெல் ஆம்ப்ளிஃபையர் கட்டாயம். வளையம் பெரிதானால் அதிகம் பிடிக்கும், ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது, சின்னதானால் நேர்மாறு. மேலே மின்சாரம் கடத்தாத காப்டன் டேப் சுற்ற மறக்காதீர்கள், இல்லாவிட்டால் போர்டைத் தொட்டு ஷார்ட் ஆகும். கையில் பிடித்து அளக்காதீர்கள், ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் டிரேஸ் மாறிவிடும், ஏதாவது ஒரு தாங்கியில் இறுக்கிவிடுங்கள்.

அக்கா, ராத்திரி அளந்தால் 2,000 டிரேஸில் சாவி வந்துவிடுகிறது. பகலில் அதே போர்டு, அதே நிரல், 8,000 டிரேஸ் ஆகிறது. ஸ்கோப்பில் கோளாறா?
– வாசகர், தஞ்சோங் பூங்கா

ஸ்கோப்பைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் எண்களையே பாருங்கள். நாலு மடங்கு டிரேஸ் வேண்டியிருக்கிறது என்றால் சத்தம் இரண்டு மடங்காகியிருக்கிறது என்று அர்த்தம். பகலில் மட்டும் சத்தத்தை இரட்டிப்பாக்குவது எது?

புரோப்பின் நுனியைக் கிரவுண்டோடு சேர்த்துவிட்டு, போர்டை அணைத்துவிட்டு, வெறும் சத்தத்தை மட்டும் பகலில் ஒரு முறையும் ராத்திரியில் ஒரு முறையும் பதியுங்கள். அதில் எந்தெந்த அதிர்வெண் இருக்கிறது என்று பிரித்துக் காட்டுகிற எஃப்எஃப்டி போட்டுப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் உயர்ந்திருந்தால் கிரவுண்ட் லூப், அதாவது கிரவுண்ட் இரண்டு வழியில் பூமியோடு இணைந்து உண்டாகிற வளையம். பத்து, நூறு கிலோஹெர்ட்ஸ் பக்கம் முள் முள்ளாக இருந்தால் லேப்டாப் சார்ஜர், எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர் ஏர்கான் இவற்றில் ஒன்று. ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள். நான் ஒரு முறை மூன்று நாள் தேடி, கடைசியில் மேசைக்குக் கீழே யாரோ விட்டுப்போன கைப்பேசி சார்ஜர்தான் காரணம் என்று கண்டுபிடித்தேன்.

வெறும் சத்தம் இரண்டு நேரமும் ஒரே மாதிரி இருந்தால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். உங்கள் சிப் உள்ளிருக்கும் ஆர்சி ஆசிலேட்டரில் ஓடுகிறதா? அப்படியென்றால் அறை சூடாக ஆகக் கடிகாரம் நகரும், பகல் முழுக்க ஏர்கான் ஓடி நின்று ஓடி நின்று என்று இருக்கும் அறையில் முதல் டிரேஸும் ஆயிரமாவது டிரேஸும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. அவற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் உச்சி மழுங்கிவிடும், அதையும் சத்தம் மாதிரியே பார்க்கத் தோன்றும். வெளியே கிரிஸ்டல் கடிகாரம் போட்டுப் பாருங்கள், ஸ்கோப்பை ஆன் செய்து அரை மணி நேரமாவது சூடாக விடுங்கள். அப்படியும் தீரவில்லை என்றால் பகலில் எடுத்த முதல் டிரேஸ், கடைசி டிரேஸ் இரண்டையும் ஒரே படத்தில் போட்டு அனுப்புங்கள், கீழே நேர அளவு தெளிவாகத் தெரியட்டும்.